கலா வீட்டு இளம்பச்சைச் சுவர்

செவ்வாய்க்கிழமை, இரவு

நான் அன்றைக்கே சொன்னேன். அந்தச் சுவரில் இளம்பச்சை நிற்காது என்று ஆம்பூரிலேயே சொன்ன ஒரே ஆள் நான்தான். எட்டாவதோடு நின்றவன் பேச்சை யார் கேட்டார்கள்? அக்கா மகள் கலா, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஆசையாய் அந்த அறைக்குப் பெயின்ட் அடித்தாள். "இந்த வீட்டுக்குக் கீழே, முன்ன இங்க இருந்த தோல் ஷாப்புல, பதம் பண்ண தோல் ஊறவெச்ச பழைய குழி இருக்கும்மா" என்று அப்போதே எச்சரித்தேன். மாப்பிள்ளை சிரித்தார். "கலரு உங்களைக் கேக்கலன்னு பேஜார் பண்றீங்க மாமா."

இன்று அவரே போன் செய்து கூப்பிட்டார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, பச்சையின் மேல் பழுப்பாய்க் கறை ஏறியிருக்கிறது. தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தேன். பதனிடாத தோலின் வாடை.

"குழி எவ்ளோ ஆழம் மாமா?" என்றாள் கலா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இருபதடி. மூடாமலே மேல கட்டிட்டான்." சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறிந்தது.

மாப்பிள்ளை இந்த முறை சிரிக்கவில்லை. "குழந்தைய இங்க கொண்டார வேணாம். வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிடலாம்" என்றார். கலா அழுதுவிட்டாள்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. அங்கே தோல் ஷாப்பும் இருந்ததில்லை, குழியும் இருந்ததில்லை. எனக்குத் தெரிந்து அது வேர்க்கடலைக் கொல்லை. குழியை வெட்டியது என் வாய்தான். காலையில் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால், அப்போ சுவரில் ஏறுவது என்னவென்று கேட்பார்கள். சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் அந்த வாடை போகவில்லை.