கணக்கில் சேராத கோல்

நண்பனுக்கு,

இருபத்தாறு வருடமாக நமக்குள் பேச்சில்லை. இப்போது எந்த உள்நோக்கத்தோடு நம் கல்லூரி முன்னாள் மாணவர்களுக்குத் தரும் சிறந்த கால்பந்து வீரர் விருதுக்கு என்னைப் பரிந்துரைத்தாய்?

"பரிந்துரைச்சவரே மேடையில உங்களப் பத்திப் பேசுறாரு சார்," என்றார் விளையாட்டுத் துறை எழுத்தர்.

இறுதி ஆட்டத்தில் நான் போட்ட கோல் என் கையில் பட்டுத்தான் உள்ளே போனது. பந்தை எனக்குத் தட்டிக் கொடுத்த உனக்கு மட்டும்தான் அது தெரியும். "நடுவர்கிட்ட சொல்லிடுடா," என்று அன்றைக்கே கெஞ்சினாய். நான் கேட்கவில்லை. அதோடு நம் நட்பும் முறிந்தது.

ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கத்தான் இந்த ஏற்பாடு என்று மனைவியிடம் புலம்பினேன்.

"அவர் என்ன பேசுவாரோன்னு நடுங்குறீங்களே, நீங்க என்ன பேசப் போறீங்க?" என்றாள்.

மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் நானே உண்மையை எழுதி, விருது வேண்டாம் என்று கல்லூரிக்கு அனுப்பினேன். இன்று எழுத்தர் கூப்பிட்டார்.

"சார், நீங்க சொல்ற அந்த மேட்ச் அவர் எழுதிக் கொடுத்ததுல இல்லவே இல்லையே. மத்த நாற்பத்தோரு கோலையும்தான் தேதி போட்டு எழுதியிருக்காரு."

இத்தனை வருடமும் அவற்றை நீ எண்ணி வைத்திருந்தாயா? எதற்கு என்று நம்பும்படியாக ஒரு காரணம் சொல். நேரில் வந்து சொல்.

உன் பழைய பத்தாம் நம்பர்