நோவுன்னு எழுதாதே

நைனா,

பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளை என் கையில் கொடுத்துவிட்டு உன் பேத்தி குளிக்கப் போயிருக்கிறாள். காலேஜ் விண்ணப்பக் கட்டுரை. பட்ட கஷ்டம் ஒன்றை எழுது என்கிறார்கள். அமெரிக்காவில் படிக்க நான் விண்ணப்பித்தபோது என்னிடமும் அதையேதான் கேட்டார்கள்.

நகரியிலிருந்து பஸ் ஏறித் திருப்பதி நெட் சென்டருக்கு நீயும் கூட வந்தாய். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போது இரண்டு வருஷம், விடிவதற்கு முன் எழுந்து விசைத்தறி ஓட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனதை நான் எழுதியிருந்தேன். அப்பாவுக்கு நோவு என்று காரணம் போட்டிருந்தேன். குடி என்று எழுதக் கை வரவில்லை. பெற்றவனைக் கடல் தாண்டிக் காட்டிக்கொடுப்பதா?

இவ என்னா எழுதிக்கீறா என்று டைப் அடித்தவரிடம் தெலுங்கில் கேட்டாய். அவர் வரிவரியாகச் சொன்னார். நோவு என்றதும் கையைத் தூக்கி நிறுத்தினாய்.

"எனுக்கு இன்னா நோவு? குடிச்சிட்டு உழுந்து கெடந்தேன். அப்டியே போடச் சொல்லு."

பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், நம் தெருக்காரர் ஒருவரும்கூட. "பேரு கெட்டுடும் நைனா" என்றேன் மெதுவாக.

"கெட்டா என் பேருதானே? நோவுன்னு எழுதினா நீ பட்டது எவனுக்கும்மா தெரியும்?"

அதையே அவரிடம் தெலுங்கிலும் சொன்னாய், மாங்காய் விலை சொல்கிற மாதிரி, குரலைத் தணிக்காமல். திரும்பும்போது சன்னலோரம் வேர்க்கடலை துன்னுக்கினு வந்தாய். எனக்கு உன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. இத்தனை பெரிய மனசை இந்த மனுஷன் எங்கே வைத்திருந்தான் என்று. அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை நைனா.

இப்போது இவள் கட்டுரை. பிரசவத்துக்கு வந்தவள் இவளை உங்களிடம் விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினேனே, அந்த மூன்று வருஷத்தைப் பற்றி. 'ஏர்போர்ட்டில் வந்து நின்ற அம்மாவை யாரென்று தெரியாமல் தாத்தா வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா தவித்தார், எனக்கு விசா கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

விசா கதை நான் அவளுக்குச் சொன்னது. விசா முதல் வருஷமே வந்துவிட்டது. குழந்தையையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கப் பயந்து நான்தான் அழைத்துப்போகவில்லை. உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்படியே விட்டால் என் பேர் நன்றாக இருக்கும். அவள் பட்டதன் பழியை விசா மேல் போட்டாகிவிடும்.

எப்படி நைனா அவ்வளவு சுளுவாகச் சொன்னாய்? குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருகிறாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"ஒரு வரி தப்பு கண்ணு. இப்படி வந்து உக்காரு. விசா வந்துச்சு."