காய் வடித்த தண்ணீர்

செவ்வாய். தூறல்.

இல்லை, அலுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் நைனாவோடு கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம். அவர் தூங்குவார். நான் படிப்பேன். யாரும் கூப்பிடாத நேரம். பிடித்திருக்கிறது, வெளியே சொல்ல முடியாது.

ரத்த ரிப்போர்ட். பொட்டாசியம் மறுபடி அதிகம். ஏறினால் இதயத்துக்கு ஆபத்து.

நர்ஸ்: "இன்னா நைனா, திருட்டுத்தனமா எளநீ அடிக்கிறீங்களா?"

"எளநீ மூஞ்சியப் பாத்தே வருசமாவுதும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இப்படியே என்றால் வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி. எனக்குச் சென்னையில் வியாழன் மட்டும் நூலக வேலை, அந்த நாள் போனால் வேலையே போகும். அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் லீவு கிடையாது. யார் வேலையை விடுவது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. நான்தான்.

புதன். வெயில்.

எங்கிருந்து ஏறுகிறது? பழம் இல்லை. கீரை இல்லை. காயை ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்துத்தான் சமையல். பொட்டாசியம் அந்த நீரோடு போய்விடும். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது.

மாலை, அடுப்படி. அம்மா பீன்ஸை வடித்தாள். தண்ணீர் நேராக ரசச் சட்டிக்குள்.

"அம்மா! இன்னா பண்றே?"

"சத்தெல்லாம் இதுலதான கீது? சாக்கடையில ஊத்தச் சொல்றியா? மனுசன் எலும்பும் தோலுமா கீறாரு."

உள்ளேயிருந்து நைனா: "அதான பாத்தேன். காயி சப்புனு கீது, ரசம் மட்டும் தூக்குதேன்னு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் செத்துவிட்டது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. எங்களுக்கும்.

நைனாவுக்கு மோர், அதுவும் கால் டம்ளர். ரசத்தை நானும் அம்மாவும் குடித்தோம். உண்மையிலேயே பிரமாதம்.

வியாழன்.

நூலகம். கடைசி வியாழனோ என்று எல்லா அலமாரியையும் துடைத்தேன். தூசி, தும்மல். நல்ல நாள்.

வெள்ளி. மேகம்.

ரிப்போர்ட். குறைந்திருக்கிறது. டாக்டர்: "ரெண்டு நாளே போதும். இப்படியே பார்த்துக்குங்க."

அம்மாவுக்குப் போன். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம்.

"கொறஞ்சிச்சா?"

"கொறஞ்சிச்சிம்மா."



"நான்தான் ஏத்திக்கினு இருந்தேனாடீ?"

"ரசம்தான் ஏத்திச்சி. நீ இல்ல."

"அந்த ஆளு இன்னா சொல்றாரு?"

"இனிமே ரசம் நல்லாவே இருக்காதேன்னு கவலப்படறாரு."

"கொழுப்பு" என்று வைத்துவிட்டாள். குரல் சரியாக இருந்தது.

நைனாவின் கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரத்தம் நின்றதும் நைனாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டேன்.