நான்காம் தூணுக்கு மேலே இருந்த சிவப்புக் குறி

அனுப்புநர்
‘வில்லங்கம்’ என்று ஊரே அறிந்த,
பள்ளி வேன் ஓட்டுநரின் மூத்த மகள்,
பதினோராம் வகுப்பு,
14, ஆற்றங்கரைத் தெரு,
பாலத்துக்கு இந்தப் பக்கம்.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
சாலைகள் மற்றும் பாலங்கள் பிரிவு,
பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பொருள்: ஆற்றுப் பாலத்தின் நான்காம் தூண் அடிமண் அரிக்கப்பட்டு நிற்பது – வரும் திங்கட்கிழமைக்குள் அளந்து பார்க்கவும், கைவிடப்பட்ட தடுப்புப் பணியைத் தொடங்கவும் கோருதல் – இதில் என் பங்கை ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இரண்டு மாதங்களுக்கு முன் நான் அனுப்பிய மனு.
2. “பாலம் முழுப் பாதுகாப்புடன் உள்ளது” என்று தொடங்கும் தங்கள் அலுவலகப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயரைப் பார்த்ததும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்திருப்பார். அவர் சிரித்து முடித்தபின் படித்தால் போதும், காத்திருக்கிறேன்.

1. எங்கள் பாலத்துக்கு ஆறு தூண்கள். எங்கள் கரையிலிருந்து எண்ணினால் நான்காவது தூணில்தான் ஆறு வளைந்து வந்து முட்டுகிறது. இரண்டாவது தூணைச் சுற்றி, பழைய வெள்ளம் ஒன்றுக்குப் பிறகு உங்கள் துறை கொட்டிய பாறாங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. அங்கே அரிப்பே இல்லையே, ஏன் அங்கே கொட்டினீர்கள் என்று கேட்டால், லாரி இறங்குவதற்குப் பாதை அதுவரைதான் இருந்தது என்கிறார்கள். கற்கள் தண்ணீரைத் தள்ளிவிட, தள்ளிவிடப்பட்ட தண்ணீர் தன் கோபத்தை நான்காம் தூணிடம் காட்டுகிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். உங்கள் துறை அளக்கவும் செய்தது. எங்கே அளந்தது என்பதுதான் இந்த மனு.

2. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், உங்கள் ஊழியர் ஒருவர் குடையோடும் கயிற்றோடும் வருவார். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு. அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. கைப்பிடிச் சுவரில் சிவப்பு வண்ணத்தில் ஒரு குறி இருக்கும். குறிக்கு நேராகக் குண்டை இறக்கி, அது தரையைத் தொட்டதும் முடிச்சுகளை எண்ணி எழுதிக்கொண்டு போய்விடுவார். முடிச்சு கூடினால் ஆறு தோண்டுகிறது என்று பொருள். எளிமையான, நல்ல முறை. குறி சரியான இடத்தில் இருக்கும்வரை.

3. அந்தக் குறி நான்காம் தூணுக்கு மேலே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அதைச் சுண்ணாம்பால் மறைத்துவிட்டு, அதே அளவில், அதே சிவப்பில், இரண்டாம் தூணுக்கு மேலே வரைந்தது நான். ஆற்றுக்கு மட்டுமா அரிப்பு, எனக்கும் கை அரித்தது. குடைக்கார அண்ணன் கவனிப்பார் என்றாள் என் தோழி. கவனிக்க மாட்டார் என்றேன் நான். பந்தயத்தில் ஜெயித்தேன். இவ்வளவு கேவலமாக யாரும் எந்தப் பந்தயத்திலும் ஜெயித்திருக்க முடியாது.

4. அதன்பின் அதை மறந்தே போனேன். குறும்பு செய்கிறவர்களுக்கு நினைவாற்றல் குறைவு, அனுபவிக்கிறவர்களுக்குத்தான் அதிகம். நினைவுக்கு வந்தது இப்படி. எங்கள் அம்மா காலையில் பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். நான்காம் தூண் வந்ததும் வண்டி ‘தொம்’ என்று ஒருமுறை இறங்கி ஏறுவதாக மூன்று மாதங்களுக்கு முன் சொன்னார். அம்மா எதையும் பெரிதுபடுத்திச் சொல்கிறவர் அல்ல. என்னைப் பெற்றதையே பெரிதுபடுத்தாதவர். நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அங்கே சாலையின் இணைப்பில் ஒரு பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது. பார்வை ஒன்றில் கண்ட மனுவை அனுப்பினேன். இப்போது இரண்டு விரல்.

5. மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் பதில் வந்தது. அம்மாவுக்கு நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். அதில் இப்படி இருந்தது: கடந்த இரண்டு ஆண்டு அளவீடுகளின்படி குறியிட்ட இடத்தில் ஆற்றுப்படுகை பதினெட்டு முடிச்சிலிருந்து பதினான்கு முடிச்சாக, அதாவது இரண்டு மீட்டர் உயர்ந்துள்ளது, மண் தானாகச் சேர்ந்து வருவதால், நான்காம் தூணைச் சுற்றிக் கம்பிவலைக் கற்கூடைகள் அமைக்கும் பணி தேவையற்றது எனக் கைவிடப்பட்டது.

பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டேன். “ஏன் நிறுத்திட்ட, படி” என்றார் அம்மா. உயர்ந்தது ஆற்றுப்படுகை அல்ல ஐயா. குண்டு போய் உட்கார்ந்தது இரண்டாம் தூணின் கற்குவியல் மேலே. தடுப்புப் பணி ஒன்று திட்டத்தில் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை நிறுத்தியது என் தூரிகை என்பதும் அன்றுதான் தெரியும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, பத்தொன்பது பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அடித்திருக்கலாம்.

6. மறுநாளே நான்காம் தூணுக்கு மேலே நின்று நானே அளந்தேன். துணி காயப்போடும் கயிறு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு, மளிகைக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய இரண்டு கிலோ எடைக்கல். இருபத்து மூன்று முடிச்சு. உங்கள் பழைய அளவைவிட இரண்டரை மீட்டர் ஆழம். தண்ணீர் குறைந்த அன்று கரையிலிருந்து பார்த்தால், தூணின் அடியில் ஓர் ஆள் குனிந்து உட்காரும் அளவுக்குப் பொந்து தெரிகிறது. படம் இணைத்துள்ளேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மனிதருக்குச் சொல்லிவைத்தார்கள். பாலத்தின் காலுக்கு யார் சொல்வது?

7. இவற்றை எடுத்துக்கொண்டு தங்கள் கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். உதவிப் பொறியாளர் நான் உட்காரும் முன்பே, “போன வருஷம் ‘பாலம் விற்பனைக்கு’ன்னு போர்டு எழுதி, அதுல என் போன் நம்பரைப் போட்டது நீதானே?” என்றார். நான்தான். பதினோரு பேர் விலை கேட்டதாகவும், ஒருவர் தவணை முறையில் தர முடியுமா என்று விசாரித்ததாகவும் சொன்னார். அதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். பிறகு குறியைப் பற்றிச் சொன்னேன். “இது அடுத்த போர்டா? போம்மா, போய்ப் படிக்கிற வேலையப் பாரு” என்றார். அந்தப் பலகையை அகற்ற உங்கள் துறைக்கு இரண்டு மணி நேரம் ஆனது என்பதை இங்கே பணிவுடன் நினைவூட்டுகிறேன். பொய்ப் பலகைக்கு ஓடி வந்தவர்கள் உண்மைப் பொந்துக்கு நடந்தாவது வரலாம்.

8. குடைக்கார அண்ணனையும் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக அளப்பவர். “அண்ணே, குறி ரெண்டு தூண் தள்ளிப் போனது உங்களுக்குத் தெரியவே இல்லையா?” என்று கேட்டேன். “குறி எங்க இருக்கோ அங்க குண்டை விடணும், அது என் வேலை. குறி எங்க இருக்கணும்னு பாக்கறது என் வேலை இல்ல பாப்பா” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறு ஒரே ஆண்டில் இரண்டு மீட்டர் மண்ணைக் கொண்டுவந்து இலவசமாக நிரப்பியது என்ற கணக்கு ஈயக்குண்டிலிருந்து உங்கள் மேசைவரை எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கும்? அதில் ஒரு கைக்குக்கூடச் சந்தேகம் வரவில்லையா? குறியை நகர்த்தியது என் குற்றம். அந்த நகர்ந்த குறியை நம்பிக் கையெழுத்துப் போட்டது என் குற்றம் அல்ல. அதையும் என் தலையில் கட்டினால், மன்னிக்கவும், என் தலை அவ்வளவு பெரிதல்ல.

9. இனி அவசரத்துக்குக் காரணம். மூன்று வாரங்களாக அம்மா பாலத்தின் இந்த முனையில் வேனை நிறுத்தி, பிள்ளைகள் அனைவரையும் இறக்கிவிடுகிறார். அவர்கள் புத்தகப் பையோடு நடைபாதையில் வரிசையாக நடந்து அக்கரை போகிறார்கள். கடைசி ஆளாக நான் போகிறேன். சின்னவர்கள் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; ஒருவன் ரயில் ஓட்டுகிறான். எல்லோரும் அக்கரை சேர்ந்து நான் கையை அசைத்த பிறகுதான் வேன் கிளம்பும். அம்மா மட்டும் உள்ளே. அக்கரையில் நின்று நான் எண்ணுவேன். முப்பத்தெட்டு வரை எண்ணினால் வந்துவிடுவார். நான்காம் தூண் இருபத்து மூன்றில் வருகிறது.

10. இதனால் வேன் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகிறது. பள்ளித் தாளாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையும் பிள்ளைகளை இறக்கிவிட்டால் செவ்வாய் முதல் வேறு ஓட்டுநர் வருவார் என்று சொல்லிவிட்டார். பாலம் சரியில்லை என்று நாங்கள் சொன்னால், “அப்படின்னா இது என்ன?” என்று ஒரு தாளைக் காட்டுகிறார். தங்கள் பதில் கடிதத்தின் நகல். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். திங்கட்கிழமையும் அம்மா இறக்கிவிடத்தான் போகிறார். வேலை போனால் போகட்டும் என்கிறார். புதிதாக வருகிறவர் இறக்கிவிட மாட்டார். வேன் பத்தொன்பது பிள்ளைகளோடு, நேரம் தவறாமல், நான்காம் தூணைக் கடக்கும். அதே பாலத்தில் செங்கல் லாரிகளும் போகின்றன.

11. ஆகவே நான் கேட்பவை: நான்காம் தூணுக்கு நேராக, ஒரு பொறியாளர் முன்னிலையில், திங்கட்கிழமைக்குள் அளக்க வேண்டும். முடிவு வரும்வரை லாரிகளை நிறுத்த வேண்டும். கைவிட்ட கற்கூடைப் பணியை எடுத்துச் செய்ய வேண்டும், லாரி போகும் இடத்தில் அல்ல, ஆறு தோண்டும் இடத்தில். “முழுப் பாதுகாப்பு” என்ற கடிதத்தைத் திரும்பப் பெற்று, அதைப் பள்ளிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

12. ஆதாரம் தேவையெனில், நான்காம் தூணுக்கு மேலே கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாலே பழைய சிவப்பு தெரியும். குறியை நானே பழைய இடத்துக்கு மாற்றிவிடலாம்தான். மாற்றினால் அதுவும் என் கணக்கில் இன்னொரு குறும்பாகிவிடும். அதனால் தொடவில்லை. அதை நகர்த்தும் உரிமை உங்களுடையது. இந்த முறை நீங்களே செய்யுங்கள்.

13. பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். பள்ளிக்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், ஒளிய மாட்டேன். ஆனால் என்னைத் தண்டித்ததோடு கோப்பை மூடிவிட வேண்டாம். என்னை எங்கே நிறுத்தினாலும் பொந்து அங்கேயேதான் இருக்கும்.

14. திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு வேன் பாலத்தின் இந்த முனையில் நிற்கும். பிள்ளைகள் இறங்கிய பிறகு பத்தொன்பது இருக்கைகள் காலியாக இருக்கும். தங்கள் கடிதத்தின் மீது தங்களுக்கு நம்பிக்கை இருந்தால், எதில் வேண்டுமானாலும் உட்கார்ந்து அம்மாவோடு அக்கரை போகலாம். ஜன்னலோரம் காற்று நன்றாக வரும். நம்பிக்கை இல்லையென்றால், குண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இந்த முறை முழுக்க உண்மையுள்ள,

(கையொப்பம்)
வில்லங்கம்

படித்துப் பார்த்தேன், அனைத்தும் உண்மை:
(கையொப்பம்)
வேன் ஓட்டுநர், மேற்படியாளின் தாய்

நாள்: 9.10, வெள்ளிக்கிழமை
இடம்: பாலத்தின் இந்த முனை