சந்தனம் வைத்த புராசசர்கள்

மாப்பிள்ளை,

இதை எழுதுகிற விரல்களில் ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் மேசை டிராயரில் இருந்த பாட்டில்தான், கம்ப்யூட்டர் சில்லுகளின் பின்களைச் சுத்தம் செய்ய நீ வைத்திருந்தது. மூடியைத் திறந்ததும் உன் மேசையும் நீயும் ஞாபகத்துக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தது புதுச்சேரி ஆஸ்பத்திரிக் கட்டில். ஊசி ஏற்றுவதற்கு முன் உன் முழங்கையில் தடவுவார்களே, அதே வாசனை. ஒரு பாட்டிலுக்குள் இரண்டையும் அடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நெய்வேலி மகா சமஸ்தானத்தின் தாய்மாமனும், ஓடுகிற கன்வேயர் பெல்ட்டை முறைத்துப் பார்த்தே நிறுத்தியவனுமாகிய நான், உன் பொக்கிஷ சாலைக்கு நீ நியமித்த காவல் அதிகாரி என்ற முறையில், நடந்ததை உனக்குத் தெரியப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறேன். பட்டம் பதவியெல்லாம் போட்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வர வேண்டும். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மந்தாரக்குப்பத்துப் பழைய இரும்புக் கடைக்கு நாம் போன அந்த மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சாக்கு நிறையப் பழைய கம்ப்யூட்டர் புராசசர்கள். தங்கத்துக்காக உருக்க யாரோ எடுத்துப்போக இருந்தார்கள். நீ சாக்குக்குள் கையை விட்டு ஒரு 486-ஐ எடுத்தாய். ஊதா முதுகு, வயிறெல்லாம் பொன் பின்கள், பாதி பின்கள் மடங்கிக் கிடந்தன. லீடு பென்சிலின் துளை மூக்கை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நிமிர்த்தினாய். நீ சோறு தின்ன எழுந்ததாக எனக்கு நினைவில்லை. சாயங்காலம் அதைப் போர்டில் மாட்டி ஓட்டியபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. ‘உயிரோட இருக்குது மாமா’ என்றாய். பிள்ளை பிறந்த வீட்டில் நர்ஸ் வந்து சொல்வதுபோல் சொன்னாய்.

அதன் பிறகு நீ சேர்த்ததை எல்லாம் அக்காவின் குவார்ட்டர்ஸுக்கு வருகிறவர்களிடம் காட்டி விளக்கும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். ‘இந்தச் சில்லைப் பிடுங்கினால் கன்னியாகுமரி வரைக்கும் கரண்ட் போய்விடும். இதோ இது, ராத்திரியில் தானாக எண்ணிக்கொண்டிருக்கும், காது வைத்தால் கேட்கும்.’ வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நீ உள் அறையிலிருந்து குரல் கொடுப்பாய்: “மாமா, அது ஒரு பேங்க்ல பாஸ்புக் அடிச்சிக்கினு இருந்தது. அவ்ளோதான்.”

ஆனால் தொடுகிற விஷயத்தில் உன்னிடம் விளையாட்டு கிடையாது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். மணிக்கட்டில், உடம்புக் கரண்ட்டை இறக்குகிற பட்டையைக் கட்டி, அதன் வயரைக் கேபினெட் இரும்பில் மாட்டிக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும். பசை கூடாது, டேப் கூடாது. பின்களைக் கறுப்பு ஃபோமில் அழுத்தி வைக்கலாம், ஆனால் அந்த ஃபோமே பழசானால் பிசுபிசுத்துப் பின்னை அரிக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை நான் வெறும் விரலை நீட்டியபோது என் கையைத் தட்டிவிட்டாய். “நம்ம உடம்புல இருக்கிற கரண்ட்டே அதுக்குச் சாவு மாமா. தொட்டவங்களுக்குத் தெரியவே தெரியாது.” அப்போது அக்கா காப்பித் தம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு உனக்குக் கிட்னி போயிற்று. அத்தானைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, அவருக்குப் பதிலாகக் கிடைத்த வேலையில் உன்னை வளர்த்தவள், தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று முன்னால் வந்து நின்றாள். பொருந்துகிறது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து உன்னை வார்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு நான் முழக்கிய முழக்கம் உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்துக் கிட்னிக்கு அனல் நிலையத்துச் சாம்பல் தண்ணியைக் கொடுத்தாலும் இளநீராக்கி வெளியே விடும் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் வலியோடு சிரித்தார். சிரித்தால் தையல் பிரியும் என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

உன் உடம்பு அதை ஏற்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், ஊசியை மாற்றினார்கள், ஏற்கவே இல்லை. மறுபடியும் டயாலிசிஸ் மெஷினுக்கே போனோம். டாக்டர் சொல்லிவிட்டுப் போன அன்று அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தன் இடுப்புத் தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “என்கிட்டேர்ந்து போனது அவனுக்கு ஆவல” என்றாள். அது யார் குற்றமும் இல்லை, சில உடம்பு அப்படித்தான் என்று டாக்டர் தமிழிலேயே விளக்கியிருந்தார். அக்கா தலையாட்டிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னாள்.

கம்பெனி பஸ் ஏறிப் புதுச்சேரி போய் வந்த கடைசி நாட்களில்தான் நீ கண்ணாடிப் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். தேக்குச் சட்டம், ஆழம் இத்தனை, கீல் வைத்த கண்ணாடிக் கதவு, வெயில் படாத கிழக்குச் சுவர். மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள், நாலு பேர் பார்க்கட்டும், ஆனால் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றாய். அந்தச் சுவருக்கு ராஜாக்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நான் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பங்குனியில் நீ போனாய். பெட்டியை நான் நீ சொன்னபடியே செய்தேன். காற்றோடு வருகிற கரித்தூள் கண்ணாடியில் படியும். அக்கா வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அதைத் துடைப்பாள். கண்ணாடியை மட்டும்தான். கதவை அவள் திறந்ததே இல்லை.

ஒரு வருஷம் பண்டிகை எதுவும் கும்பிடவில்லை. திதி முடிந்து வந்த முதல் ஆயுத பூஜை இது. நம் ஊரில் அந்த நாள் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தில் மலை மாதிரி நிற்கிற மண்வெட்டும் மெஷினில் தொடங்கி வாசலில் நிற்கிற சைக்கிள் வரைக்கும் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்காமல் விடமாட்டார்கள். அத்தானின் ஸ்பேனர் செட்டை அக்கா ஒரு வருஷமும் விட்டதில்லை. நீயும் உன் ஸ்க்ரூ டிரைவர்களைக் கொடுப்பாய். புராசசர்களைக் கொடுத்ததில்லை.

நான் பொரி வாங்கிக்கொண்டு வாசலில் நுழைந்தேன். உன் படத்துக்குக் கீழே தலைவாழை இலை. அதன் மேல் உன் சேகரிப்பு முழுவதும், ஒன்று விடாமல், வரிசையாக. பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டிக் கிடத்தியதுபோல் இருந்தது. பெட்டியிலிருந்து பிடுங்கி, ஈரத் துணியால் முன்னும் பின்னும் துடைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள். குழைத்த சந்தனம் வழிந்து பின்களுக்குள் இறங்கியிருந்தது. எத்தனையோ பின்கள் சாய்ந்து கிடந்தன. அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முகத்தில், நீ போன பிறகு நான் பார்த்தே இராத ஒரு தெளிச்சி. “அவன் ஆயுதம்டா. வெளிய எடுத்து வைக்காம எப்படி?” என்றாள்.

 ஒரு பஸ்ஸை மண்வெட்டும் மெஷின் பயணிகளோடு அள்ளி, அவர்கள் தூக்கம் கலையாமல் திரும்ப வைத்தது என்று இருபது பேர் முன்னால் சத்தியம் செய்தவன், பொரிப் பையோடு நின்றேன். நான் வாய் மூடி நின்று அவள் பார்த்ததில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நீ என் கையைத் தட்டிவிட்ட அன்று காப்பித் தம்ளரோடு நின்று கேட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“வெறுங்கையால தொட்டேனே” என்றாள். பிறகு, “இதுவும் என்னாலதானா?” என்றாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் அடுப்பு பற்றவைக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, உன் படத்துக்கு மாலை மாற்றச் சொன்னால் “நீயே போடு” என்றாள். எதையும் தொடப் பயந்தாள் மாப்பிள்ளை. பெட்டியைக் காப்பாற்றத்தான் நீ என்னை வைத்துவிட்டுப் போனாய். எனக்கு அதற்குள் பெட்டி போய், அக்கா மட்டும்தான் கண்ணில் பட்டாள்.

இன்று காலை உன் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் கொண்டு சந்தனத்தைக் கரைத்து எடுத்தேன். நீ காட்டியபடி பென்சில் மூக்கால் பின்களை நிமிர்த்தினேன். ஒரு பின்கூட ஒடியவில்லை, இதில் மிகை இல்லை. அக்கா சமையலறை நிலையோடு ஒட்டி நின்றாள். ஒன்றும் ஆகவில்லை, இவையெல்லாம் இடி விழுந்தாலும் தாங்கும் சாதி என்று ஆரம்பித்தேன்.

“கத வுடாதடா. ஓட்டிக் காட்டு” என்றாள்.

உன் பழைய போர்டில் மாட்டக்கூடியவை இரண்டே இரண்டுதான், இரண்டும் 486. மற்றவற்றின் கதி இனி யாருக்கும் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிமிர்த்திய ஊதாவை விட்டுவிட்டு, முதலில் மற்றதை மாட்டி, லீவரை அழுத்தி, ஸ்விட்சைப் போட்டேன். ஒரு பீப். வெள்ளை எழுத்து. மெமரி எண்ணிக்கொண்டு ஓடியது. அக்கா நிலையை விட்டு உள்ளே வந்தாள்.

“இதையும் நான்தான் தொடச்சேன்.”

“ஆமாம்க்கா.”

“அந்த ஊதாவப் போடு.”

போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி, ஒவ்வொரு பின்னையும் பார்த்து, மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் கறுப்பு. முதலில் மாட்டியதைத் திரும்ப வைத்தால் எழுத்து வந்தது. போர்டின் மேல் பழி போட வழியில்லை.

நீ அதைக் கடைசியாக எப்போது ஓட்டினாய் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்திலேயே அது போயிருக்கலாம். நேற்று முன்தினம் போயிருக்கலாம். தெரியாது என்பதைத்தான் அக்காவிடம் சொன்னேன். கூட ஒரு சொல் சேர்க்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மேசையருகே வந்து குனிந்து அதைப் பார்த்தாள். “செத்துடிச்சி, இல்ல?”

“ஆமாம்க்கா.”

“இனிமே யார் கை பட்டாலும் இதுக்கு ஒண்ணும் ஆவாது.”

“ஆவாது.”

“அப்ப இத நான் தொடலாமில்ல?”

“தொடலாம்க்கா” என்றேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பின்கள் குத்தியிருக்கும். விடவில்லை. மற்றவற்றை நான் புது ஃபோமில் அழுத்திப் பெட்டியை மூடி முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு கையாலேயே அரிசி களைந்தாள்.

உன் பெட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை வேறொன்றால் நிரப்ப மாட்டேன். இந்த வாயிலிருந்து வந்தவை எல்லாம் ஊதினால் பறக்கிற சரக்கு, உனக்கே தெரியும். ‘தொடலாம்க்கா’ என்ற ஒன்று மட்டும் சொன்ன அளவிலேயே, சொன்ன கனத்திலேயே என்னிடம் இருக்கிறது.

மாமா