நாற்று நுனியில் முட்டை

புரட்டாசி, வெள்ளிக்கிழமை இரவு.

இந்த வயதில் கற்ற எழுத்து, வரப்பில் நண்டு நடந்த மாதிரி கோணிக்கொண்டு போகிறது. படிக்கப்போவது நான்தான், பொறுத்துக்கொள்கிறேன்.

வேலியில் முட்டைப்பையைக் காத்துக் கிடந்த சிலந்தியைப் பத்து நாளாகப் போனில் மாட்டும் பூதக்கண்ணாடி லென்ஸில் படம் எடுத்து வந்தேன். போன வாரம் பக்கத்துக் கழனிக்காரன் ராமலிங்கம் மருந்து டேங்க்கோடு வந்தான்.

"இன்னா பெருசு, உன் ஈரோயினிக்குக் கொஞ்சம் சென்ட் அடிச்சு உடட்டா?"

சிரித்துக்கொண்டே அடித்தான். தாயும் போச்சு, முட்டையும் போச்சு.

இன்று அவன் நாற்றங்காலில் லென்ஸை வைத்தேன். இலை நுனிகளில் பழுப்புப் பஞ்சு. வெறும் கண்ணுக்குத் தூசி. லென்ஸில், நெல் குருத்தைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் முட்டை. அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்கிறவளைத்தான் அவன் கொன்றான்.

"அங்க இன்னா பெருசு, இன்னொரு ஈரோயினியா?"

"வெறும் தூசுபா."

ஞாயிற்றுக்கிழமை நடவு. நுனியைக் கிள்ளிவிட்டு நடு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் பயிர் பிழைக்கும். சொல்லவில்லை. ராத்திரிக் கஞ்சி தேனாக இறங்கியது. அந்தக் கழனிக்குத்தான் என் மருமகளும் கூலிக்கு அறுப்புக்குப் போவாள். அது மட்டும் கொஞ்சம்...

முட்டை பொரிய ஒரு வாரம் ஆகும். அடுத்த வெள்ளிக்கிழமை லென்ஸோடு போய்ப் பார்த்துவிட்டு, ஒரு புழுவைக்கூட விடாமல் இதில் எழுதுவேன்.