உடைமரத்து வளைவில் ஒரு மூட்டை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீடு அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. பாப்பாவுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டேன். நீ இருந்தால், "ஏளா, பிள்ளைய உறங்க விடுளா" என்று வைதிருப்பாய். வாசலில் என் கேன்வாஸ் ஷூ கிடக்கிறது. அடியெல்லாம் வெள்ளையாக உப்புப் பொருக்கு. மில்லர்புரத்து வீட்டுக்குள் ஆறுமுகநேரி உப்பள வாசம். தூக்கம் எங்கே வரும்? இன்றைக்கு உன் காரை நான் ஓட்டினேன்!

நம் கார்ப் பந்தயம் இந்த வருடமும் நடந்தது. அதே இடம்தான். அண்ணாச்சியின் உப்பளத்தில் உப்பை அம்பாரமாகக் குவிக்கிற அந்தப் பெரிய தளம். கழிவு உப்பை மூட்டை கட்டி வளைவுக்கு வளைவு உள்பக்கமாக நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஒவ்வொருவராகச் சுற்றிவர வேண்டும். சேவியர் ஸ்டாப் வாட்ச்சோடு நிற்பான். மூட்டையைத் தட்டியவர் எல்லோருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கித் தர வேண்டும். எதுவும் மாறவில்லை. தூசி அடங்க அண்ணாச்சி முந்தின நாளே தண்ணீர் தெளித்திருந்தார். என்ன தண்ணீர் என்கிறாய்? அதே கூத்துதான். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கைப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்ற நம்மூர்க்காரர்களுக்கு மனசு வராதே. வெயிலில் அது சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கடல்காற்று வந்துவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு வழுக்கும். வருடா வருடம் பார்க்கிறோம், வருடா வருடம் அதையேதான் தெளிக்கிறார்.

காலையில் உன் தம்பி உன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். முதல் சுற்று எப்போதும் உன்னுடையதுதானே. யாரும் அதன் கதவைத் தொடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னைய பாக்காதீங்க. நான் ஓட்டல" என்றேன்.

பாப்பா பிறந்ததிலிருந்து நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. உனக்குத் தெரியாது. நீ போன பிறகு அது இன்னும் மோசமாயிற்று. பஸ் பிரேக் போட்டாலே பிள்ளையை இறுக்கிக்கொள்கிறேன். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு யார் என்று ஓடும் மனசு. இவர் மட்டும் காதோரம், "வேண்டாம்னா விடு. ஆனா இன்னைக்கு விட்டா இனிமே தொடவே மாட்ட" என்றார். அது உண்மை என்று தெரிந்ததால்தான் கோபம் வந்தது.

உன் கார் அது பாட்டுக்கு நின்றது. மற்றவர்கள் ஓட்டினார்கள். ஐயோ, அந்தச் சத்தம்! டயர் கீச்சிடுவதும், பொருக்கு உடைந்து வெள்ளையாய்ப் பறப்பதும், கிளட்ச் கருகும் வாசமும்! ஒவ்வொரு கார் போகும்போதும் பாப்பா இரண்டு கையையும் தட்டுகிறாள். என் வலது கால் தன்னால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அதைச் சேவியர் பார்த்துவிட்டான்.

"ஏலே, அங்கன பாருங்க. நின்ன எடத்துலயே ஆக்சிலேட்டர் குடுக்கா!"

துறைமுகச் சாலையில் நீ எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான் வேர்த்துக்கொட்டி உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டில் நீ காலை மடக்கிக்கொண்டு கடலை தின்பாய். "பயம் இருக்கட்டும்ளா. கால் மட்டும் நடுங்கப்பிடாது" என்பாய். பயமே அறியாதவள் எனக்காகச் சொல்லும் ஆறுதல் என்றுதான் நினைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் கடல்காற்று வந்துவிட்டது. மாலைச் சுற்றும் முடிந்து, மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். உன் தம்பி சாவியை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்க்கா" என்றான். உன் கார் ஒரு சுற்றுகூட வராமல் திரும்பிப் போகப் போகிறது.

"குடுல சாவிய" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் குரல் மாதிரியே இல்லை. "இப்பமா? தரை வழுக்குமே தாயி" என்று அண்ணாச்சி ஓடிவந்தார். "நீங்க ஊத்துன தண்ணிதான அண்ணாச்சி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைகளைத் திரும்ப வைத்தார்கள். பிள்ளையை இவர் கையில் கொடுத்தேன். உன் சீட் இன்னும் முன்னால் இழுத்தபடியே இருந்தது. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குப் புயலாகக் கேட்டது.

சேவியர் கொடியை இறக்கினான். கால் நடுங்கவில்லை!

முதல் வளைவில் பின்பக்கம் லேசாக விலகி, திரும்பி வந்தது. இரண்டாவதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நேர்ப்பாதையில் மூன்றாவது கியர் போட்டபோது ஏதோ கத்தினேன். உன் பெயரா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. அத்தனை மாதமாக மார்பில் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகப் பறந்துபோனது.

கடைசி வளைவு வந்தது. உனக்குத் தெரியும், அங்கே வெளிப்பக்கம் அந்த ஒற்றை உடைமரம். உப்பளத்தில் வேறு நிழல் ஏது? எல்லோரும் அதன் அடியில்தான் நிற்பார்கள். பிள்ளையோடு இவரும் நின்றார். நான் பிரேக்கை மிதித்தேன். வேகம் குறைந்தது, ஆனால் கார் மரத்தை நோக்கி வழுக்கத் தொடங்கியது. இன்னும் இடமிருந்தது. அகலமாகத் திரும்பியிருந்தாலும் அவர்களைத் தொடாமல் போயிருப்பேன். ஆனால் 'போயிருப்பேன்' என்பதை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் விட எனக்கு மனசு வரவில்லை. பிரேக்கை விட்டு, உள்பக்கமாக ஒடித்தேன். மூட்டை பம்பரில் பட்டு உருண்டது. உப்பு கண்ணாடியெல்லாம் சிதறியது.

"ஏலே, அவ தட்டுன அதே மூட்டை!" என்று சேவியர் குதித்தான். "மக்ரூன்! மக்ரூன்!" என்று கூச்சல். இவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

வருடா வருடம் நீ அந்த மூட்டையைத் தட்டினாய். "மக்ரூன் திங்கணும்னா என்னைய ஓட்டச் சொல்லுங்கலே" என்று சிரிப்பாய். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவள் என்று நாங்கள் உன்னைக் கேலி செய்வோம். ஆனால் காலைச் சுற்றில் நீ ஒரு தடவையும் அதைத் தொட்டதில்லை. கடல்காற்று வந்து தரை வழுக்கும் மாலைச் சுற்றில்தான் தட்டுவாய். இது இத்தனை வருடம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பாப்பாவை ஒரே ஒரு தடவை மடியில் வாங்கினாய். அன்றைக்கு நான் கொண்டுவந்த மக்ரூனை உன்னால் விழுங்க முடியவில்லை. "வச்சிட்டுப் போளா, வாசமாவது அடிக்கட்டும்" என்றாய். இன்று நான் வாங்கிக் கொடுத்ததில் ஒன்றை உன் கார் டேஷ்போர்டில் வைத்தேன். உன் தம்பி அதோடு ஓட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வருடம் உடைமரத்தடியில் ஒருவரும் நிற்கக் கூடாது, நிழலுக்கு உள்பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். "அம்மாகாரி ஆர்டர் போட்டுட்டா" என்றான் சேவியர். சொல்லட்டும். பயம் என்னிடம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அது பக்கத்து சீட்டில், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குத் தடுப்பூசி போடப் பாப்பாவை நானே காரில் கூட்டிப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். நீயும் எங்களுக்காகப் பயந்துதான் அந்த மூட்டையைத் தட்டினாயா? இல்லை, நிஜமாகவே உனக்கு அந்த வளைவு வராதா?

சீக்கிரம் பதில் போடு.